டேப் மூடினால் பதறுகிறோம், 'அனுமதி' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறோம்: அன்றாட பிரௌசர் பழக்கங்கள்

#1 சுட்டெலி

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துது" என்றார். போய்ப் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்புகிறது, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே சுத்தம் செய்யவும்' என்று மிரட்டுகிறது, மறைகிறது, மறுபடி எழும்புகிறது. ஸ்கேன் ஓட்டினால் ஒன்றும் சிக்கவில்லை.

பெட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் பிரௌசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. அதைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. எப்போதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் பொத்தானை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது, இவரும் அழுத்தியிருக்கிறார். உண்மையில் அது அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொள்ள இவர் எழுதிக் கொடுத்த அனுமதி. அதைப் பறித்தவுடன் 'வைரஸ்' போய்விட்டது.

அதே பெரியப்பா 63 டேப் திறந்து வைத்திருக்கிறார். ஒன்றையும் மூட விடமாட்டார். "மூடினா போச்சு, திரும்பக் கிடைக்காது." நான் ஒன்றை மூடிவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். மூடிய டேப் அதே இடத்தில் வந்து நின்றது. இத்தனை வருஷம் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

பயப்பட வேண்டாத இடத்தில் நடுக்கம், பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சல். பெரியப்பா மட்டுமா இப்படி? உங்கள் வீட்டில், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுங்கள். ஐம்பது ஷார்ட்கட் பட்டியல் வேண்டாம். அது எங்கும் கிடைக்கும், யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அந்த நோட்டிஃபிகேஷனை எடுக்கும் வழி: குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். 'அலவ்' பட்டியலில் பெயர் தெரியாத தளம் எது இருந்தாலும் நீக்கிவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் இனி எந்தத் தளமும் இப்படிக் கேட்கவே கூடாது என்று ஒரு டிக் போடும் வசதி உண்டு. பெரியவர்கள் கணினியில் அதைப் போட்டுவிடுவதே நல்லது.

#2 கணக்குப்பிள்ளை

கண்ட்ரோல் ஷிஃப்ட் டி பற்றி ஒரு கூடுதல் தகவல். ஒருமுறையோடு நிற்காது, அழுத்த அழுத்த மூடிய வரிசையில் பின்னோக்கிப் போகும். முழு ஜன்னலையே மூடிவிட்டாலும், பிரௌசரை மறுபடி திறந்து இதை அழுத்தினால் பெரும்பாலும் அத்தனை டேப்பும் திரும்பி வரும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். பார்த்ததைச் சேமித்து வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலை மூடினால் மட்டும் வராது, அது மறப்பதற்கென்றே செய்தது.

நான் சொல்லிக்கொடுப்பது கண்ட்ரோல் எஃப். ஒரு நீளமான அறிவிப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்த சக ஊழியரைப் பார்த்திருக்கிறேன். 40 பக்கம்! கண்ட்ரோல் எஃப் அழுத்தி நாலு எழுத்து அடித்தால் ஒரு நொடி.

ஆனால் தமிழில் தேடும்போது ஒரு சூட்சுமம். 'மரம்' என்று அடித்தால் 'மரத்தில்', 'மரங்கள்' எதுவும் சிக்காது, ஏனென்றால் வேற்றுமையோ பன்மையோ வந்ததும் 'ம்' போய்விடுகிறது. 'மர' என்று மட்டும் அடிக்க வேண்டும். 'வீடு' தேடினால் 'வீட்டுக்கு' வராது, 'வீட்' என்று ஒருமுறை, 'வீடு' என்று ஒருமுறை. இலக்கண வகுப்பு இங்கேதான் உதவுகிறது :)

#3 வாசகி

கணக்குப்பிள்ளை அண்ணா, நான் 'விண்ணப்பம்' என்று தேடிவிட்டு 'இந்தப் பக்கத்தில் இல்லை' என்று நம்பி மூடியவள். இருந்தது 'விண்ணப்பத்தை'. இப்போதுதான் தெரிகிறது.

சில பிடிஎஃப்களில் கண்ட்ரோல் எஃப் வேலையே செய்வதில்லையே, அது ஏன்?

#4 கணக்குப்பிள்ளை

அது தாளை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப், அதாவது படம்தான். படத்துக்குள் எழுத்து இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும், பிரௌசருக்குத் தெரியாது. மௌஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், நீல நிறம் பிடிக்காவிட்டால் படம் என்று அர்த்தம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் பிடிஎஃப்பிலும் இதே கதை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஏதோ ஆங்கில எழுத்துக் குவியல்.

இன்னொன்று, கீழே இறங்க இறங்க நீண்டுகொண்டே போகும் பக்கங்கள். அவற்றில் இதுவரை திரையில் இறங்கிய பகுதிக்குள் மட்டும்தான் தேடும்.

#5 பூஜ்யம்ஒன்று

நான் சொல்லிக்கொடுப்பது முகவரியைப் படிக்க. ஷார்ட்கட் எதுவும் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், இது தெரியாவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

உதாரணத்துக்கு எக்ஸாம்பிள்.காம் என்பதை எடுத்துக்கொள்வோம். உதாரணம் காட்டுவதற்காகவே 1999இல் ஒதுக்கி வைத்த பெயர் அது, யாருக்கும் விற்கமாட்டார்கள். இப்போது ஒரு மின்னஞ்சலில் இந்த லிங்க் வருகிறது என்று வையுங்கள்:

எக்ஸாம்பிள்.காம்.போலி.டெஸ்ட்/லாகின்/எக்ஸாம்பிள்.காம்

இரண்டு இடத்தில் 'எக்ஸாம்பிள்.காம்' இருக்கிறது, பார்த்தவுடன் நம்பத் தோன்றும். ஆனால் இந்த வீட்டின் சொந்தக்காரர் 'போலி.டெஸ்ட்'. எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள் (ஆரம்பத்தில் இருக்கும் இரட்டைக் கோடு கணக்கில் வராது). அங்கிருந்து இடது பக்கமாகப் படியுங்கள். முதலில் 'டெஸ்ட்', அடுத்து 'போலி'. இந்த இரண்டு துண்டுகள்தான் சொந்தக்காரர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதை அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்காரர் தன் வாசலில் எந்தப் பெயர்ப்பலகை வேண்டுமானாலும் மாட்டலாம் அல்லவா, அது மாதிரி. சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதும் அவர் எழுதியதுதான்.

'.கோ.யூகே' மாதிரி இரண்டு துண்டாக முடியும் முகவரிகளில் மட்டும் மூன்று துண்டு பார்க்க வேண்டும்.

அந்த இரட்டைச் சாய்கோடு பற்றி ஒரு சின்ன விஷயம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல், அது தேவையே இல்லை, நினைத்திருந்தால் விட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். உலகம் முழுக்க எத்தனை பேர் எத்தனை முறை அதைத் தட்டச்சு செய்திருப்பார்கள்!

#6 மீண்டும்மாணவன்

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று எனக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்களே? இத்தனை நாளாக அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

#7 பூஜ்யம்ஒன்று

அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள் ஐயா. உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போகிற பேச்சை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, பூட்டுக்கு அவ்வளவுதான் பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதே இல்லை. திருடனோடு ரகசியமாகப் பேசினாலும் பூட்டு வரும். அதற்கான சான்றிதழ் 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல காரியம்தான், சின்னத் தளங்களுக்கெல்லாம் பெரிய உதவி. போலித் தளக்காரர்களும் அதே வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சின்னத்தை வைத்தது.

பூட்டு இல்லாமல் 'நாட் செக்யூர்' என்று காட்டினால் அங்கே பாஸ்வேர்டு போடாதீர்கள். அந்தப் பாதி பாடம் மட்டும் இன்னும் சரி.

#8 நடுராத்திரி

பூஜ்யம்ஒன்று சொல்வது எல்லாம் சரி, ஆனால் யாரும் செய்யமாட்டார்கள். அவசரத்தில் இருக்கிற மனிதர் விரலை வைத்து இடப்பக்கமாகப் படிப்பாரா? எனக்கே தூக்கக் கலக்கத்தில் வராது. அதோடு, பார்வைக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகள் வேறு உண்டு. ரஷ்ய மொழி எழுத்தான சிரிலிக் 'அ'வும் ஆங்கில 'ஏ' சிற்றெழுத்தும் ஒட்டிப்பிறந்த இரட்டையர்கள். சில சேர்க்கைகளை பிரௌசர்கள் பிடித்துவிடுகின்றன, எல்லாவற்றையும் என்று நம்ப முடியாது.

என் வழி வேறு. பாஸ்வேர்டுகளை பிரௌசரிலேயோ தனிப் பாஸ்வேர்டு மேனேஜரிலேயோ சேமித்து வையுங்கள். அது முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிரப்பும். உங்களை ஏமாற்றலாம், அதை ஏமாற்றுவது கடினம். வழக்கமாகத் தானாக நிரம்பும் இடத்தில் ஒருநாள் காலியாக நின்றால், 'என்ன ஆச்சு இதற்கு' என்று சலித்துக்கொண்டு கையால் அடிக்காதீர்கள். அந்தக் காலியிடம்தான் எச்சரிக்கை. மூடிவிட்டு, முகவரியை நீங்களே அடித்துப் போங்கள்.

#9 பழையநோட்டு

பிரௌசரில் பாஸ்வேர்டு சேமிப்பதா? எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் படித்துவிடுவார். நான் நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

#10 நடுராத்திரி

சிரிக்கவே இல்லை. வீட்டு அலமாரிக்குள் எந்த வெளிநாட்டுத் திருடனும் கைவிட முடியாது. ஒரே பாஸ்வேர்டை இருபது இடத்தில் போடுகிறவரைவிட உங்கள் நோட்டு ஆயிரம் மடங்கு மேல். ஒரு தளத்தில் கசிந்தால், அதே பெயரையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களில் எல்லாம் போட்டுப் பார்க்கும் வேலையைப் புரோகிராமே செய்கிறது. பெரும்பாலான கணக்குகள் அப்படித்தான் போகின்றன என்பது என் அனுபவம்.

ஆனால் நோட்டு ஒரு விஷயத்தில் தோற்கும். போலித் தளத்தைப் பார்த்து அது 'எழுதித் தரமாட்டேன்' என்று சொல்லாது.

தண்ணீர் குடிக்கப் போகும் பிரச்சினைக்கு விண்டோஸ் கீயும் எல்லும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். விண்டோஸில் குரோம் சேமித்த பாஸ்வேர்டைக் காட்டும் முன் கணினியின் பின் எண்ணைக் கேட்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்று தனியாக ஒரு பூட்டே போடலாம்.

#11 பழையநோட்டு

அந்த 'எழுதித் தரமாட்டேன்' வாதம் நியாயம். யோசிக்கிறேன். நோட்டை விடமாட்டேன்.

#12 வாசகி

எனக்கு ஒரு பழைய காயம். நீளமான படிவம், இரண்டு பக்கம் நிரப்பியாயிற்று, ஒரு எழுத்தை அழிக்க பேக்ஸ்பேஸ் தட்டினேன், பக்கம் பின்னால் போய்விட்டது, எல்லாம் காலி. அன்று அழுதேவிட்டேன். இப்போதும் படிவம் என்றால் கை நடுங்குகிறது.

#13 சுட்டெலி

வாசகி, உங்களை மாதிரி அழுதவர்களால்தான் அந்தச் சனியன் ஒழிந்தது. குரோம் 2016இல் பேக்ஸ்பேஸிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கியது, ஃபயர்ஃபாக்ஸ் 2021இல். இப்போது பின்னால் போக ஆல்ட்டும் இடது அம்பும்.

தவறிப் பின்னால் போய்விட்டால் உடனே ஆல்ட்டும் வலது அம்பும் அழுத்திப் பாருங்கள். பல படிவங்களில் எழுதியது அப்படியே இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது, அதனால் பத்து வரிக்கு மேல் எழுத வேண்டியதை நோட்பேடில் எழுதி ஒட்டுவேன். இந்தப் பதிவும் அப்படித்தான். ஒட்டும்போது கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்தினால் எங்கிருந்தோ எடுத்த எழுத்தின் நிறம், அளவு எதுவும் கூட வராது, வெறும் எழுத்து மட்டும் வரும்.

பின்செல்லும் பொத்தானை மௌஸால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். அந்த டேப்பில் நீங்கள் கடந்து வந்த பக்கங்கள் பட்டியலாக விரியும். பின்னால் போக விடாமல் ஒரே பக்கத்தில் சுற்றவைக்கும் தளங்களிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

#14 மீண்டும்மாணவன்

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே, உண்மையா? (எனக்கில்லை, நண்பருக்காகக் கேட்கிறேன்.)

#15 பூஜ்யம்ஒன்று

நண்பரிடம் சொல்லுங்கள்: அந்தக் கணினியில் அடுத்து வந்து உட்காருகிறவருக்குத் தெரியாது, அவ்வளவே. இணைய இணைப்பு கொடுப்பவருக்கும், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கும், போகிற தளத்துக்கும் எப்போதும் போலத்தான். இறக்கிய கோப்புகளும் போட்ட புக்மார்க்குகளும் கணினியிலேயே தங்கும். இந்தத் தப்பெண்ணம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இன்காக்னிட்டோவிலும் தகவல் திரட்டியதாகச் சொல்லி கூகுள் மீது 2020இல் போட்ட வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது.

ஆனால் வேறு வேலைகளுக்கு அது தங்கம். அடுத்தவர் கணினியில் மின்னஞ்சல் பார்க்க வேண்டுமா, அதில் திறந்து வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், லாக் அவுட் மறந்த கவலை இல்லை. ஒன்று கவனிக்கவும்: இரண்டு இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்திருந்தால் இரண்டும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொள்ளும். கடைசி ஜன்னலை மூடும்போதுதான் எல்லாம் அழியும்.

ஒரு தளம் மக்கர் செய்தால் நான் முதலில் செய்வதும் அங்கே திறந்து பார்ப்பதுதான். சரியாக வேலை செய்தால் கோளாறு தளத்தில் இல்லை, நம்மிடம் சேர்ந்திருக்கும் குக்கீயிலோ எக்ஸ்டென்ஷனிலோ (பிரௌசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்) இருக்கிறது. ஏனென்றால் எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக இன்காக்னிட்டோவில் ஓடுவதில்லை.

#16 வாசகி

தளம் மக்கர் செய்தால் 'குக்கீயை எல்லாம் அழி' என்றுதான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அழித்தால் எல்லா இடத்திலும் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது.

#17 கணக்குப்பிள்ளை

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. குக்கீ என்பது, 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று தளம் உங்கள் கையில் கொடுத்து வைக்கும் சீட்டு. வலைக்கு இயல்பாக ஞாபக சக்தி கிடையாது, ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக வந்தவர் கேட்பது போலத்தான் கொடுக்கும். இணையக் கடைக்கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போனால் காணாமல் போகக்கூடாதே என்பதற்காக 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்பவர் யோசித்துச் செய்தது இது. எல்லாச் சீட்டையும் கிழித்தால் எல்லா வாசலிலும் மறுபடி நிற்கத்தான் வேண்டும்.

நான் செய்யும் வரிசை: முதலில் கண்ட்ரோலும் எஃப்5ம். தேக்கி வைத்த பழைய படங்களையும் கோப்புகளையும் ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கொண்டுவரும், பாதிப் பிரச்சினை இதிலேயே முடியும். முடியாவிட்டால் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குவேன். ஊருக்கே வெள்ளையடிக்க வேண்டாம்.

#18 நடுராத்திரி

சிரிப்பை ஒதுக்கிவிட்டு இதைப் படியுங்கள். 2024 முதல் பரவியிருக்கும் ஒரு மோசடி, 'கிளிக்ஃபிக்ஸ்' என்று சொல்கிறார்கள். என் வீட்டிலேயே ஒருவர் கடைசிப் படி வரைக்கும் போய்விட்டார்.

ஒரு பக்கம் திறக்கிறது. 'நீங்கள் மனிதர்தானா' என்று வழக்கமான கட்டம். டிக் செய்தால் மூன்று படிகள் காட்டுகிறது. ஒன்று, விண்டோஸ் கீயும் ஆரும் சேர்த்து அழுத்தவும். இரண்டு, கண்ட்ரோல் வி. மூன்று, என்டர். ஏதோ புது வகைச் சோதனை என்று நினைக்கத் தோன்றும்.

நடப்பது என்ன? நீங்கள் டிக் செய்த நொடியில் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) சத்தமில்லாமல் வைத்துவிட்டது. விண்டோஸ் ஆர் என்பது கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ரன் பெட்டி. கண்ட்ரோல் வி அதை ஒட்டுகிறது. என்டர் தட்டினால், பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை உங்கள் கையாலேயே வரவழைத்து ஓட்டுகிறீர்கள். வாசலில் நிற்கிற காவல்காரன் திருடனைத் தடுப்பான், வீட்டுக்காரரே கூட்டி வந்தால் என்ன செய்வான்?

எங்கள் வீட்டில் அந்த ரன் பெட்டியில் நீளமாக ஏதோ வந்து விழுந்ததைப் பார்த்து, "இது என்ன, இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று என்னைக் கூப்பிட்டதால் தப்பித்தோம்.

நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் எந்த நேர்மையான பக்கமும், எந்தக் காரணத்துக்கும், பிரௌசருக்கு வெளியே போய் எதையும் ஒட்டச் சொல்லாது. சொன்னால் அது திருட்டு. இதற்கு விதிவிலக்கே கிடையாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

#19 சுட்டெலி

நன்றி நடுராத்திரி. பெரியப்பாவுக்கு இதை உடனே சொல்ல வேண்டும், அவர் சொன்னபடி கேட்கிற மனிதர், அதுதான் ஆபத்து.

இதோடு சேர்த்து இன்னொன்று: முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு 'கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று சைரன் அடிக்கும் பக்கம். கணினி பூட்டவில்லை, அது ஒரு சாதாரண வலைப்பக்கம் முழுத் திரையில் நிற்கிறது. எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட் எஃப்4. அசையாவிட்டால் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை முடியுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைக் கொண்டுவரவா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லவும். இந்த ஒரு தடவை கண்ட்ரோல் ஷிஃப்ட் டி கூடாது :)

#20 பூஜ்யம்ஒன்று

இந்தப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் விளம்பரம் வழியாகத்தான் ஆட்கள் வந்து சேருகிறார்கள். தேடல் முடிவில் முதலில் நிற்பது பல நேரம் காசு கொடுத்து வாங்கிய இடம். 'ஸ்பான்சர்டு' என்று பொடியாக எழுதியிருக்கும். ஏதாவது மென்பொருள் இறக்கத் தேடும்போது அதைத் தாண்டிக் கீழே போங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே, தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலிகள் வருவதால் விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்குச் சொன்னது.

நான் யூபிளாக் ஆரிஜின் பயன்படுத்துகிறேன். குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும், ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் ஓடுகிறது. பெயரைச் சரிபார்த்து எடுங்கள், ஒத்த பெயரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளவும். எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று கேட்கிறதே, அது அலங்கார வாக்கியம் இல்லை. நீங்கள் பார்க்கும் மின்னஞ்சல் முதற்கொண்டு அது பார்க்கும். நல்லவராக இருந்தவர் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர் வேறு மாதிரி இருந்த கதைகளும் உண்டு. என்னிடம் மூன்று இருக்கின்றன. அதிலேயே ஒன்று அதிகம் என்று தோன்றுகிறது.

#21 பழையநோட்டு

கண் பார்வை குறைந்தவர்களுக்கு இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறி தட்டினால் பக்கம் பெரிதாகும், கழித்தல் சிறிதாக்கும், பூஜ்யம் பழைய அளவு. ஒரு தளத்தில் வைத்த அளவை பிரௌசர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எனக்கு எல்லாச் செய்தித் தளங்களும் 150 சதவீதம். பேரன் வந்தால் "என்ன தாத்தா, போஸ்டர் மாதிரி இருக்கு" என்பான்.

ரீடர் வியூ என்று ஒன்று இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் விண்டோஸில் எஃப்9. பக்கத்தைச் சுற்றி ஆடுகிற, மினுக்குகிற எல்லாம் போய்க் கட்டுரை மட்டும் நிற்கும். தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளியைக் கூட்டிவிட்டால் கொம்பும் சுழியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. அதிலிருந்தே கண்ட்ரோல் பி (P) அழுத்தி பிடிஎஃப்பாகச் சேமிக்கிறேன், அச்செடுத்தாலும் விளம்பரம் வராது. நோட்டில் ஒட்ட வசதி.

#22 வாசகி

தாத்தா நோட்டில் ஒட்டுகிறார்! சரிதான், ஏனென்றால் நான் புக்மார்க் போட்ட பக்கங்களில் பாதி இப்போது 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று காட்டுகின்றன.

#23 கணக்குப்பிள்ளை

அந்த முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். அமைப்பு 1996இல் தொடங்கியது, வேபேக் மெஷின் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பழைய பக்கத்தின் நகல் தேதி வாரியாகக் கிடைக்கலாம். இன்றைக்கு இருக்கிற பக்கம் முக்கியமானது என்று பட்டால், அங்கேயே 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் முகவரியைப் போட்டு நீங்களே நகல் எடுத்து வைக்கலாம்.

புக்மார்க்கைப் பகிரும்போது ஒரு வேண்டுகோள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு 'யூடிஎம்' (utm), 'எஃப்பிகிளிட்' (fbclid) என்று வால் நீண்டால் வெட்டிவிட்டு அனுப்புங்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று உளவு சொல்லும் வால் அது. ஆனால் கேள்விக்குறி கண்ட இடமெல்லாம் வெட்டாதீர்கள். யூடியூபில் அதற்கு அடுத்துதான் வீடியோவின் அடையாளமே இருக்கிறது. வெட்டியதும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினால் போதும்.

#24 சுட்டெலி

ஒரு சின்னத் தகவலோடு வந்திருக்கிறேன். பெரியப்பா 63 டேப்பை 9 ஆக்கிவிட்டார். தினமும் வேண்டியவற்றுக்கு கண்ட்ரோல் டி (D) அழுத்தி புக்மார்க், மற்றதை மூடிவிட்டார். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, கொட்டை எழுத்தில் 'கண்ட்ரோல் ஷிஃப்ட் டி'. அதற்குக் கீழே 'ஒட்டச் சொன்னால் திருடன்'.

இப்போது புதுப் பிரச்சினை. நேற்று குடும்ப வீடியோ அழைப்பில் அவர் முகம் தெரியவில்லை, குரலும் வரவில்லை. கேமரா கெட்டுப்போயிற்றா என்று கேட்டால், "அலவ் கேட்டுச்சு, நான் பிளாக் குடுத்துட்டேன், நீதானே சொன்னே" என்கிறார். எப்படித் திருப்புவது? நான் அவர் பக்கத்தில் இல்லை, தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும்.

#25 நடுராத்திரி

நல்ல மாணவர் :)

அந்த அழைப்புப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். முகவரிக்கு இடப்பக்கம் ஒரு சின்னம் இருக்கும், இரண்டு கோடும் இரண்டு வட்டமும் மாதிரி. அதை அழுத்தினால் கேமரா, மைக் இரண்டுக்கும் சுவிட்ச் தெரியும். இரண்டையும் ஆன் செய்துவிட்டு எஃப்5. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் அதே இடத்தில் கோடு போட்ட கேமரா படம் இருக்கும், பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி கேட்கும், அப்போது அலவ்.

அதற்கு முன் முகவரியை இடப்பக்கமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

#26 சுட்டெலி

படித்துக் காட்டினார், சரியாக. முகம் வந்துவிட்டது. இப்போது மியூட்டில் இருக்கிறார்.